உஷார்! குழந்தையின் படம் நிஜம்… கியூஆர் கோடு யாருடையது?

உங்கள் போனில் இந்த நிமிடம்கூட அப்படி ஒரு போஸ்டர் கிடக்கும். மொட்டைத் தலை, மூக்கில் குழாய், ஊசி போட்ட கையில் பிளாஸ்திரி. கீழே சிவப்பு எழுத்தில் 'உயிருக்குப் போராடும் குழந்தை, உதவுங்கள்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே ஒரு கியூஆர் கோடு.

பார்த்ததும் கை ஜிபேக்குப் போகும். பிள்ளை பெற்றவர்களுக்கு மனசு கேட்காது.

கொஞ்சம் நில்லுங்கள். அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அந்தக் குழந்தை நிஜமாக இருக்கலாம். நோயும் நிஜமாக இருக்கலாம். ஆஸ்பத்திரி கொடுத்த கடிதம்கூட அசலாக இருக்கலாம். அப்படி இருந்தும் நீங்கள் அனுப்பும் பணம் அந்தக் குழந்தைக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம்!

பலருக்கும் இது தெரியவே தெரியாது. இல்லாத குழந்தையை இருப்பதாகச் சொல்லி ஏமாற்றுவதுதான் மோசடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் நடக்கிறது. ஆனால் அதைவிடக் கொடுமையான ஒன்று இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் ஒரு நிஜக் குழந்தையின் படத்தை எடுத்து, அதன் பெயரிலேயே வசூலிப்பது.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் பட்டது போதும். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். ஐந்து வயது மகளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், காலில் அங்கங்கே கன்றிய நீலத் தடிப்பு. மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். தனியார் மருத்துவமனை எழுதிக்கொடுத்த மதிப்பீட்டுக் கடிதத்தைப் பார்த்து அந்த மனுஷன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தெருப் பையன்கள் சும்மா இருக்கவில்லை. குழந்தையின் படம், அந்தக் கடிதம், அப்பாவின் போன் நம்பர், அவருடைய கியூஆர் கோடு, எல்லாம் சேர்த்து ஒரு போஸ்டர் போட்டார்கள். பள்ளிக்கூட குரூப், கோயில் கமிட்டி குரூப், துபாயில் இருக்கும் ஊர்க்காரர்கள் குரூப் என்று எல்லா இடத்திலும் ஏறியது. முதல் நாள் பணம் நன்றாகவே வந்தது. ஐம்பது ரூபாய் போட்டவர்கள்கூட உண்டு.

மூன்றாம் நாள், தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவுக்குக் கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார் அதே போஸ்டரை அனுப்பியிருக்கிறார். "உங்க ஊர்ப் பிள்ளையாமே, நான் ஐநூறு போட்டேன்" என்று. அக்கா அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அதே முகம், அதே கடிதம், அதே சிவப்பு எழுத்து. ஆனால் கியூஆர் கோடு இருந்த வெள்ளைக் கட்டம் லேசாகச் சாய்ந்திருந்தது. கீழே 'நன்றி' என்று இருந்த இடத்தில் முதல் எழுத்தைக் கட்டம் மறைத்துவிட்டது. 'ன்றி' மட்டும்தான் தெரிந்தது. போன் நம்பரும் வேறு.

யாரோ போஸ்டரை எடுத்து, தன்னுடைய கியூஆர் கோடை அசல் கோடின் மேல் ஒட்டி, மறுபடியும் சுற்றில் விட்டிருக்கிறான். ஐந்து நிமிட வேலை.

அதன் வழியாக எவ்வளவு போனது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? அனுப்பியவர்கள் அத்தனை பேரும் குழந்தைக்குக் கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன பணம்கூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றைப் பிசைகிறது. "ரெண்டு நம்பர் சுத்துது, ரெண்டுமே ஃபிராடு, யாரும் பணம் போடாதீங்க" என்று ஒருவர் குரலில் பேசி அனுப்ப, அது போஸ்டரைவிட வேகமாகப் பரவியது. மறுநாளே நிஜக் கணக்குக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுவிட்டது. முகம் தெரியாதவர்கள் அப்பாவுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். "பெத்த புள்ளைய வச்சுப் பிச்சை எடுக்கிறியா?" என்றாராம் ஒருவர். வார்டு வாசலில் நின்றுகொண்டு அந்த மனுஷன் இதைக் கேட்டிருக்கிறார்.

திருடினவன் யாரோ. திட்டு வாங்கினது குழந்தையின் அப்பா!

இதற்காகக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுங்கள். தாராளமாகக் கொடுங்கள். கொடுப்பது குழந்தையிடம் போய்ச் சேருகிற வழியில் கொடுங்கள். அதற்கு ஒரே ஒரு வழியைத்தான் நான் முழுதாக நம்புகிறேன்.

போஸ்டரில் இருக்கும் எண்ணுக்கு அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரியில் குழந்தையின் பெயரில் கட்டுங்கள்.

உள்நோயாளியாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஐ.பி. நம்பர் இருக்கும். போஸ்டரில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். பிறகு மருத்துவமனையின் போன் நம்பரை நீங்களே தேடி எடுங்கள். போஸ்டரில் போட்டிருக்கும் 'ஆஸ்பத்திரி நம்பரை' நம்பவே வேண்டாம், அதை எடுப்பவன் திருடனின் கூட்டாளியாகவே இருக்கலாம். பில்லிங் பிரிவில், "இந்த ஐ.பி. நம்பரில் இருக்கும் குழந்தைக்கு நான் பணம் கட்டலாமா, எப்படிக் கட்டுவது?" என்று மட்டும் கேளுங்கள். நோய் என்ன, எப்படி இருக்கிறது என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது. பணம் கட்டும் வழியைச் சொல்வார்கள். ரசீதைக் குழந்தையின் பெயரில் வாங்குங்கள்.

இவ்வளவுக்கு நேரம் இல்லையா? அப்படியானால் ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரையாவது படியுங்கள். வங்கியில் பதிவான பெயர் அங்கே வரும். குழந்தையின் அப்பா பெயர் வரவேண்டிய இடத்தில் 'ஏதோ என்டர்பிரைசஸ்', 'ஏதோ டிரேடர்ஸ்' என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பின் நம்பரைப் போடாதீர்கள்.

இன்னும் சில அறிகுறிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மனசில் வையுங்கள்.

'இன்னும் 24 மணி நேரத்தில் 8 லட்சம் கட்டாவிட்டால் குழந்தை பிழைக்காது!' இப்படிக் கெடு வைத்து வருகிறதா? உஷார். உயிருக்கு ஆபத்தான நிலையில் வரும் குழந்தைக்கு எந்த ஆஸ்பத்திரியும் அவசர சிகிச்சை கொடுக்க மறுக்கக் கூடாது. சில நோய்களில் மட்டும் கெடு நிஜம்தான். முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு என்று ஒரு மரபணு நோய், எஸ்.எம்.ஏ. என்பார்கள். அதற்கான ஸோல்ஜென்ஸ்மா ஊசியின் விலை 2021ல் ஏறக்குறைய 16 கோடி ரூபாய். அமெரிக்காவில் 2019ல் அதற்கு அனுமதி கொடுத்தபோது இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு என்றுதான் கொடுத்தார்கள். 2021ல் நம் மாநிலத்திலும் பக்கத்து மாநிலங்களிலும் சில குழந்தைகளுக்கு மக்கள் சேர்ந்து அந்தப் பணத்தைத் திரட்டியே காட்டினார்கள். நினைத்தால் இப்போதும் மெய் சிலிர்க்கிறது. ஆனால் அந்தக் கெடுவும் மாதக் கணக்கு. விசாரிக்க ஒரு மணி நேரம்கூடத் தராத கெடு, நீங்கள் விசாரித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த கெடு.

கடிதத்தில் தேதி இருக்கிறதா? மூன்று வருடத்துக்கு முந்தைய கடிதங்கள் இன்னமும் சுற்றுகின்றன. அந்தக் குழந்தை குணமாகிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம். அல்லது… அதைச் சொல்ல வேண்டாம். இறந்துபோன பிள்ளையின் படத்தை யாரோ ஒருவன் வசூலுக்கு அனுப்ப, அது அந்தத் தாயின் போனுக்கே வந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

டாக்டர் பெயரும் முத்திரையும் மங்கலாக இருந்தால் உஷார். "ஆஸ்பத்திரியில் நேரே கட்டிவிடுகிறேன்" என்று நீங்கள் சொன்னதும் "அங்கே வாங்க மாட்டாங்க, எங்க நம்பர்லயே போடுங்க" என்று அவசரமாக மறுத்தால் ரொம்ப உஷார். பேருந்து நிலையத்திலும் சிக்னலிலும் குழந்தை படம் போட்ட ஃபிளெக்ஸைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு உண்டியல் குலுக்குகிறார்களா? எந்த டிரஸ்ட், பதிவு எண் என்ன, எந்த ஆஸ்பத்திரி, ரசீது எங்கே என்று கேளுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பன் தளத்தில் அப்படி ஒரு அமைப்பு பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். '80ஜி வரிவிலக்கு உண்டு' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் ரொக்கமாகக் கேட்டால் அதுவும் பொய். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் அந்த விலக்கு கிடையாது. தனி ஆளின் ஜிபேக்கு அனுப்பும் பணத்துக்கு அறவே கிடையாது.

'இந்தப் படத்தைப் பகிர்ந்தால் ஒவ்வொரு ஷேருக்கும் கம்பெனி ஒரு ரூபாய் தரும்' என்பது சுத்தப் பொய். யாரும் தருவதில்லை. அழித்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது கொடுப்பவர்களுக்கு. இனி, குழந்தையை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு நிற்கும் அம்மா அப்பாவுக்கு. தாயே, உங்களைத்தான் முதலில் குறி வைப்பார்கள். போஸ்டரில் உங்கள் போன் நம்பர் ஏறிய நாளிலிருந்து அழைப்பு வரத் தொடங்கும்.

"அம்மா, எங்கள் டிரஸ்ட்டில் உங்கள் பிள்ளைக்கு ஐந்து லட்சம் ஒதுக்கிவிட்டோம். ஃபைல் சார்ஜ் நாலாயிரத்து ஐநூறு மட்டும் கட்டிவிடுங்கள்." கட்டாதீர்கள்! தானம் கொடுப்பவன் உங்களிடம் கட்டணம் கேட்க மாட்டான். நாலாயிரம் போனதும் ஜிஎஸ்டி என்பான், அதுவும் போனதும் ஆர்பிஐ கிளியரன்ஸ் என்பான். தாலியை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு.

"பணம் வாங்க உங்கள் யூபிஐ பின்னைப் போடுங்கள்" என்றால் போனை வையுங்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும், அவ்வளவுதான். எனிடெஸ்க் மாதிரி, உங்கள் போனைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியை ஏற்றச் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் அனுப்பித் திறக்கச் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள்.

இன்னொன்று வரும். பார்த்தால் உதவி மாதிரியே இருக்கும். "உங்கள் கணக்குக்கு இரண்டு லட்சம் அனுப்புகிறோம். ஐம்பதாயிரத்தைக் குழந்தைக்கு வைத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்லும் நம்பருக்கு அனுப்பிவிடுங்கள்."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அது வேறு எங்கோ திருடிய பணம். உங்கள் கணக்கு வழியாக அதைக் கடத்துகிறார்கள். பணத்தை இழந்தவர் புகார் கொடுத்ததும் போலீஸ் அந்தப் பணம் போன பாதையைப் பிடித்துக்கொண்டு வந்து உங்கள் கணக்கை முடக்கும். ஊர் மக்கள் ஐம்பதும் நூறுமாகப் போட்ட பணமும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். நாளைக்குக் குழந்தைக்குக் கீமோ என்றால் இன்றைக்கு நீங்கள் காவல் நிலைய வாசலில் நிற்பீர்கள். 'தவறுதலாக இருபதாயிரம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்' என்று யாராவது அழுதாலும், எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். வங்கி இருப்பைப் பாருங்கள், வங்கியிலேயே சொல்லித் திருப்பச் சொல்லுங்கள்.

போஸ்டரில் ஆதார் அட்டையைப் போடாதீர்கள். ரேஷன் கார்டையும் போடாதீர்கள். வீட்டு முகவரியும் வேண்டாம். குழந்தையின் உடம்பு தெரிகிற படத்தைப் போடவே போடாதீர்கள். இன்றைக்குப் பரவும் படம் பத்து வருடம் கழித்தும் கிடைக்கும். அன்றைக்கு உங்கள் மகள் பிழைத்து எழுந்து, பெரிய பிள்ளையாக வகுப்பில் உட்கார்ந்திருப்பாள்.

வசூலில் இறங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி. காப்பீட்டில் பதிந்தாயிற்றா?

எத்தனை குடும்பங்கள் இதைக் கேட்காமலேயே கடன் வாங்கி, நகை விற்று, போஸ்டர் போட்டுத் திரிகின்றன! முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அரசு ஆஸ்பத்திரி மட்டும் இல்லை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் போய் நில்லுங்கள். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருக்கும் பிள்ளைகளுக்கு, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2013லிருந்து இருக்கிறது, ஆர்.பி.எஸ்.கே. என்று கேட்டால் சொல்வார்கள். அரிய நோய் என்றால் 2021ல் வந்த தேசியக் கொள்கையின்படி 50 லட்சம் வரை உதவி கேட்கலாம். அதற்கென்று நியமித்த மையங்களில் ஒன்று சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்தும் இதய அறுவை சிகிச்சைக்கும் புற்றுநோய்க்கும் உதவி கிடைக்கிறது. எங்கே கேட்பது என்றே தெரியவில்லை என்றால் 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

விருதுநகர்ப் பிள்ளைக்கும் கடைசியில் காப்பீடுதான் கைகொடுத்தது. வசூல் நின்று போன பிறகு வார்டு நர்ஸ் ஒருவர்தான் "காப்பீடு எழுதினீங்களா?" என்று கேட்டிருக்கிறார். எழுதவில்லை. பிறகு காப்பீட்டில் பதிந்து, அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொண்டார்கள், சிகிச்சை போய்க்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் ஏ.எல்.எல். வகை, ஒழுங்காக மருத்துவம் பார்த்தால் பெரும்பாலும் குணமாகிற நோய். ஆனால் இரண்டிலிருந்து மூன்று வருடம் விடாமல் மருந்து போக வேண்டும். 'பணம் சேரட்டும், பிறகு ஆரம்பிக்கலாம்' என்று காத்திருப்பதுதான் உயிரை எடுக்கும். 'கொஞ்சம் தேறிவிட்டாள், கையில் காசில்லை' என்று நடுவில் நிறுத்துவதும் அப்படித்தான். ஊரார் கொடுக்கும் பணமோ முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. ஆறாம் மாதத்தில் மதுரைக்குப் பஸ் காசில்லாமல் ஒரு தவணை ஊசி தவறும். யாருக்கும் தெரியாது. கொடுக்க மனமிருப்பவர்கள் இன்றைக்கு ஆயிரம் கொடுப்பதைவிட மாதம் நூறாகப் பத்து மாதம் கொடுங்கள். அம்மா வார்டில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் அவருக்குக் கூலி கிடையாது. அந்தச் சோற்றுச் செலவைக் காப்பீடு பார்க்காது.

தம்பிமார்களே, போஸ்டர் போட்டு ஓடியாடி வசூல் செய்வது நீங்கள்தான். உங்கள் நல்ல மனசுக்கும் ஆபத்து இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு உங்கள் சொந்த ஜிபே நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் சம்பளமும் வண்டி டியூவும் ஊர்ப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால், நாளைக்கு ஒருவர் விரல் நீட்டினால் உங்களால் பிரித்துக் காட்ட முடியாது. நண்பர்கள் வெட்டிக்கொண்டு பிரிந்தது இதில்தான். குழந்தையின் அப்பா அம்மா பெயரில் தனியாக ஒரு கணக்கைத் திறக்க வையுங்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரி எழுதுங்கள். ஐம்பது ரூபாயானாலும் பெயர், ஊர், தொகை. வாரம் ஒரு முறை வரவையும் ஆஸ்பத்திரி ரசீதையும் படமெடுத்து அதே குரூப்பில் போடுங்கள். கியூஆர் கோடைத் தனியாக மூலையில் வைக்காதீர்கள். குழந்தையின் படத்துக்கு மேலேயே அப்பாவின் பெயரையும் நம்பரையும் பெரிதாக எழுதிவிட்டால், வெட்டி ஒட்டுகிறவனுக்கு வேலை கடினம்.

மிச்சப் பணத்தை என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். காப்பீடு கிடைத்துப் பணம் மீந்தாலோ, குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போனாலோ அது யாருக்கு? வாய் கூசும் கேள்விதான். கேட்காமல் விட்ட ஊர்களில் துக்க வீட்டு வாசலிலேயே சண்டை நடந்திருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வருமான வரிக் கேள்வியும் எழும், ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்பும் பணத்தை, எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவில்லாத சங்கமோ டிரஸ்ட்டோ வாங்கக் கூடாது. மிலாப், கெட்டோ மாதிரி இணையத்தில் நிதி திரட்டும் தளங்களில் போடுவதானால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், பணம் ஆஸ்பத்திரிக்கு நேரே போகுமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அது போலி என்று இப்போதுதான் தெரிகிறதா?

உட்கார்ந்து வருத்தப்பட நேரம் இல்லை. இந்த நிமிடமே 1930க்குப் போன் போடுங்கள். நாடு முழுக்க சைபர் குற்றப் புகாருக்கு அதுதான் எண். சீக்கிரம் சொன்னால் அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அவன் எடுத்துவிட்டால் கஷ்டம். பரிவர்த்தனையின் 12 இலக்க எண், போஸ்டர், அவனோடு பேசிய சாட், எதையும் அழிக்காதீர்கள். வங்கியிலும் சொல்லுங்கள். 'ஐநூறுதானே, போகட்டும்' என்று விடாதீர்கள். உங்கள் ஐநூறு மாதிரி ஆயிரம் ஐநூறு அந்தக் கணக்கில் இருக்கும். ஒரு புகார் வந்தால்தான் அந்தக் கணக்கை மூட முடியும். ஏமாற்றுக் குற்றத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

குரூப்பில் 'ரெண்டுமே ஃபிராடு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆஸ்பத்திரி வழியாக அந்தக் குடும்பத்தைப் பிடித்து விஷயத்தைச் சொல்லுங்கள், அவர்களுக்கே தெரிந்திருக்காது. எது அசல் நம்பர் என்று உறுதி செய்துகொண்டு, எந்தெந்த குரூப்பில் போலியை அனுப்பினீர்களோ அங்கெல்லாம் போலியின் நம்பரையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள். புகார் கொடுத்துப் பணம் திரும்பி வந்தால் அதைக் குழந்தையின் ஐ.பி. நம்பரில் கட்டிவிட்டு, ரசீதையும் அதே குரூப்புகளில் போடுங்கள். நின்றுபோன வசூல் மறுபடி ஓடத் தொடங்க அந்த ஒரு ரசீது உதவும்.